அக்கா என்றார், ஓம் என்றேன்

பேர்கன், நோர்வே
06.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கஜந்தி எழுதுகிறேன். இங்கே ஓயாத மழை. சளியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

அம்மா இறந்த முப்பத்தோராம் நாளன்று போனில் சண்டை பிடித்தோமே, அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதுதான் சரி. "உன்னோட போனில கதைச்சா மூண்டாம் நிமிசம் கொதி வருது. கடிதம் எழுது. கொதி வந்தா கிழிச்சுப்போட்டுத் திருப்பி எழுதலாம்." இந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. முதல்தரமே சரியாக வந்துவிட்டது.

ஒரு புதினம் சொல்ல வேண்டும். நூல்நிலையத்தில் பின்னல் பின்னும் பெண்கள் கூட்டத்தில் சேர்ந்தேன் அல்லவா? நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோருமாகச் சாப்பாடு வைத்தார்கள். பாற்சோற்றுக்குள் ஒரேயொரு பாதாம் பருப்பை ஒளித்து வைப்பது இவர்களுடைய வழக்கம். அது யாருடைய கோப்பையில் வருகிறதோ அவருக்கு இனிப்பு மாவில் செய்த பன்றிக்குட்டி பரிசு. பதினாறு பேரில் எனக்கு வந்தது, அக்கா! எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். படம் வைத்திருக்கிறேன். நடுக் கதிரையில் இருப்பது நான்தான்.

நீங்கள் அந்த வீட்டுக்குள் தனியே இருந்து என்ன செய்கிறீர்கள்? பின்னிய குறோசே எல்லாம் அலுமாரிக்குள்ளேயா கிடக்கிறது? வெளியே போய் நாலு பேரோடு பழகுங்கோ.

உங்கள் தங்கை,
கஜந்தி


டைக் வீதி, திருகோணமலை
14.02.2024

அன்புள்ள கஜந்திக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. முழங்கால் அப்படியேதான். அதற்கு நானும் எனக்கு அதுவும் பழகிவிட்டோம். படத்தில் நீ கொழுத்திருக்கிறாய். தலைமயிரை ஏன் இவ்வளவு கட்டையாக வெட்டினாய்? பன்றிக்குட்டியைத் தின்றாயா, இல்லை அலுமாரியில் வைத்திருக்கிறாயா?

நான் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறேன் என்று உனக்கு யார் சொன்னது? வெள்ளைக்காரப் பெண்கள் உன்னிடம் மட்டுமா இருக்கிறார்கள்? இங்கே உவர்மலையில், துறைமுகம் தெரிகிற வீடொன்றில், ஹென்னி என்று ஒரு ஒல்லாந்துக்காரி இருக்கிறார். மனிசன் கப்பல் எந்திரம் திருத்துகிறவர். ஊரில் இருக்கிற வெளிநாட்டுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வியாழக்கிழமை தோறும் அங்கே கூடிப் பின்னுவார்களாம், தைப்பார்களாம், பிறகு ஒரே மேசையில் இருந்து மத்தியானம் சாப்பிடுவார்களாம். தபால் கந்தோரில் தமிழிலும் எழுதி ஒட்டியிருந்தது: "கைவேலை தெரிந்த எவரும் வரலாம்."

நாளைக்கு வியாழன். போகப் போகிறேன். பைக்குள் கொக்கி ஊசியும் நூலும் வைத்தாகிவிட்டது. பச்சைச் சீலையை ஸ்திரிக்கை போட்டு வைத்திருக்கிறேன். சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

உன் அக்கா,
தவமலர்


பேர்கன்
05.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. கொத்தமல்லி குடித்தேன். உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம், சந்தோஷம், சந்தோஷம். போனீர்களா? என்ன நடந்தது? உங்கள் இங்கிலீஷை வைத்துக்கொண்டு என்ன கதைத்தீர்கள்? "யேஸ்" உம் "தேங்க்யூ" உம் தவிர வேறு ஏதாவது வாயில் வந்ததா?

பகிடிக்குத்தான் எழுதினேன், கோவிக்க வேண்டாம். முதல் நாள் எனக்கும் இப்படித்தான், ஒரு மூலையில் இருந்துவிட்டு வந்தேன். மெல்ல மெல்லத்தான் சேர்ப்பார்கள். வருத்தப்படாதீர்கள்.

பன்றிக்குட்டியைத் தின்னவில்லை. கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

கஜந்தி


திருகோணமலை
28.03.2024

அன்புள்ள கஜந்திக்கு,

நான் சுகம். ஏற்றம் ஏறி ஏறி முழங்காலும் கொஞ்சம் இளகியிருக்கிறது.

ஓம், போனேன். மூலையிலும் இருக்கவில்லை. மணியை அடிக்க ஹென்னியே வந்து கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா?" என்று கேட்டார். வேறு ஒரு சொல்லும் இல்லை, அந்த ஒரு சொல்தான், அதுவும் தமிழில். "ஓம்" என்றேன். அவ்வளவுதான், கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரு வியாழன் தவறவில்லை. இங்கிலீஷ் தேவைப்படவில்லை. கதை குறைவு, கைவேலைதானே. கிண்ணியாவிலிருந்து நுஸ்ரத் என்ற பிள்ளை அவர்களுக்கு மொழிபெயர்க்க வருகிறாள். போன கிழமை அவள் சொன்னாள்: "அக்கா வராட்டி வியாழக்கிழமையே இல்லையெண்டு ஹென்னி சொல்லுறா." உன் கூட்டத்தில் உன்னைப் பற்றி யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா? சும்மா கேட்டேன்.

உன் அக்கா,
தவமலர்


பேர்கன்
12.05.2024

அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகம் என்று தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது.

இந்தக் கடிதம் மூன்றாவது. முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அந்த மனிசி உங்களை எதற்கு அக்கா என்று கூப்பிட வேண்டும்? கண்ட முதல் நிமிசத்திலேயே அக்காவா? நான் வாய் திறந்து சொன்ன முதற்சொல் அம்மா இல்லை, அக்கா என்று நீங்கள்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள்? இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரில் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். இங்கே நான் வாய்க்குள் வைத்துக்கொண்டு இருக்க, அங்கே யாரோ ஒருத்தி வாசலில் நின்று லேசாகச் சொல்லிவிட்டாள், நீங்களும் ஓம் என்றுவிட்டீர்கள்.

எனக்கு எரிகிறது. ஒளித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

கஜந்தி


திருகோணமலை
20.06.2024

அன்புள்ள கஜந்திக்கு,

என்ன கண்டறியாத கோபம் உனக்கு? மீன்காரன் றஊப்புக்கு அறுபது வயது. என்னைவிட மூப்பு. அவரும் "அக்கா, பாரை நல்ல பாரை" என்றுதான் படலையில் நின்று கத்துகிறார். பஸ் கொண்டக்டர் "அக்கா, உள்ளுக்குப் போங்கோ" என்கிறான். அவர்களோடும் நீ சண்டைக்குப் போவாயா? பொறாமைக்கும் ஓர் அளவு கணக்கு வேண்டாமா?

இங்கே அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, கேள். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு போர்வை. ஆளுக்கொரு சதுரம் குறோசே பின்னி, எல்லாவற்றையும் இணைத்து, சாப்பாட்டு மேசையில் விரித்துக் கொடுப்பார்கள். போன மாதம் ஒரு ஜேர்மன்காரி போனாள். அவளுக்கு நானும் ஒரு சதுரம் பின்னினேன், வெள்ளையில் மஞ்சள் கரை. டிசம்பரில் ஹென்னி போகிறார். அவருக்கு நல்லதாக ஒன்று பின்ன வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. எரிகிற வயிற்றில் கோப்பி குடிக்காதே.

உன் அக்கா,
தவமலர்


பேர்கன்
04.08.2024

அக்காவுக்கு,

சுகம்.

ஜேர்மன்காரிக்குப் போர்வை. ஒல்லாந்துக்காரிக்கு நல்லதாக ஒன்று. நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று எனக்கு என்ன தந்தீர்கள், நினைவிருக்கிறதா? விடியப்புறம் ஐந்து மணி பஸ். யாருக்கும் தெரியக்கூடாது என்று அயலட்டைக்குக்கூடச் சொல்லவில்லை. ஒரு துண்டுப் பாணும் பிளேன்ரீயும். அம்மா படலை வரைக்கும் வந்தா. நீங்கள் குசினிக்குள், அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. நான் இரண்டுதரம் கூப்பிட்டேன். உங்களுக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும்.

சரி, அதை விடுங்கோ. இந்த நத்தாருக்கு லீவு எடுத்திருக்கிறேன். டிசம்பர் பதினேழாம் திகதி கட்டுநாயக்காவில் இறங்குவேன். உங்கள் வியாழக்கிழமைக்கு என்னையும் கூட்டிப் போங்கோ. ஹென்னியோடு ஒரே மேசையில் இருந்து, நீங்கள் யாருடைய அக்கா என்று ஒருதரம் நேரே சொல்லிவிட்டு வருகிறேன்.

கஜந்தி


திருகோணமலை
01.09.2024

அன்புள்ள கஜந்திக்கு,

நான் சுகம். டிசம்பரில் வராதே.

அந்தக் கிழமை எனக்கு நேரம் இருக்காது. பத்தொன்பதாம் திகதி வியாழன், ஹென்னியின் பிரியாவிடையும் நத்தார்ச் சாப்பாடும் ஒன்றாக வைக்கிறார்கள். அதற்கு ஆயத்தம் செய்யவே ஒரு கிழமை வேண்டும். மழை வேறு. வெளி ஆட்களைக் கூட்டிப் போக ஏலாது, அது அவர்களுடைய வீடு. தைப்பொங்கலுக்கு வா. ஆறுதலாக இருக்கலாம்.

நீ எழுதிய மற்ற விஷயம், அன்று நீ இரண்டுதரம் கூப்பிட்டது. கேட்டது. ஓம்.

தவமலர்


பேர்கன்
22.09.2024

திருமதி ஹென்னி அவர்களுக்கு,
துறைமுகம் தெரியும் வீடு, உவர்மலை, திருகோணமலை

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் உங்கள் வீட்டுக்கு வருபவர் என் அக்கா. நான் பிறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு அக்கா அவர்தான். எனக்குத் தன் கையால் சோறு தீத்தியவர் அவர். இப்போது அவர் இல்லாமல் உங்களுக்கு வியாழக்கிழமை இல்லையாம். உங்களுக்காக என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

உங்களுக்கு இன்னோர் அக்கா கிடைக்கலாம். எனக்கு இருப்பது இவர் ஒருவர்தான். தயவு செய்து அவரை விட்டுவிடுங்கள்.

கஜந்தி


உவர்மலை, திருகோணமலை
18.10.2024

அன்புள்ள கஜந்திக்கு,

நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதை வாசித்தேன். நான் சொல்லச் சொல்ல நுஸ்ரத் உங்களுடைய மொழியில் எழுதுகிறார். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. நல்ல அக்கா கிடைப்பது கடினம். எங்களுக்கு இதற்கு முதல் இரண்டு அக்காமார் இருந்தார்கள். ஒருவர் உப்பை அள்ளிப் போடுவார். மற்றவர் நேரத்துக்கு வரமாட்டார். இந்த அக்கா எட்டு மணிக்கே வந்துவிடுவார். சுத்தம், நேர்மை, அமைதி. பன்னிரண்டு பேருக்குத் தனியே சமைப்பார். அவருடைய கணவாய்க் கறியைப் போல நான் எங்கும் சாப்பிட்டதில்லை. அவர் முன்பு உங்கள் வீட்டில் வேலை செய்தவர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உங்களைக் கேட்டிருப்பேன்.

டிசம்பர் பத்தொன்பதாம் திகதி விருந்துக்கு மட்டும் அவரை எனக்குத் தாருங்கள். அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகிறேன். நீங்கள் தாராளமாக அழைத்துக்கொள்ளலாம். நற்சான்றுக் கடிதமும் எழுதிக் கொடுக்கிறேன்.

ஹென்னி

கஜந்தி ராத்தா, நான் நுஸ்ரத். மேலே உள்ளதை ஹென்னி சொன்னபடியே எழுதி முடித்த பிறகுதான், அக்கா உங்கள் கூடப்பிறந்தவ என்று எனக்கு விளங்கியது. உங்கள் ஆங்கிலக் கடிதத்திலும் அந்தச் சொல்லை "அக்கா" என்றே விட்டிருந்தீர்கள். இந்த வீட்டில் சமைக்க வருகிற எல்லோரையும் நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், நானும்தான். சமைக்கிறவருக்குத் தமிழில் அதுதான் சொல் என்று ஹென்னி நினைத்துக்கொண்டிருக்கிறா. உங்கள் வீட்டுச் சமையல்காரியைத் தான் பறித்துவிட்டதாக அவவுக்கு வெட்கமாக இருக்கிறது. அவவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை எப்போதும் தொங்கும். ஒரு நாள் அது விழுந்தபோது பார்த்தேன், உள்ளே கொக்கி ஊசியும் பின்னிய சதுரம் ஒன்றும், வெள்ளையில் மஞ்சள் கரை. "ஆருக்கு, அக்கா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு அரிசி களையப் போய்விட்டா. ஹென்னியிடம் சொல்லவா, விடவா? நீங்கள் சொல்லுங்கோ.


பேர்கன்
06.11.2024

அன்புள்ள நுஸ்ரத்துக்கு,

நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை வேலைத்தலத்தில் உடுப்பு மாற்றும் அறையில் வைத்து வாசித்தேன். பிறகு அந்த வாங்கிலேயே இருந்து அழுதேன். நான் எதைக் கண்டு எரிந்தேன் என்று நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது.

ஹென்னியிடம் சொல்லுங்கோ. என் அக்காவுக்குப் பெயர் இருக்கிறது, தவமலர். பதினாறு வயதில் பின்னத் தொடங்கியவர். அந்த வீட்டுக்குப் பச்சைச் சீலை உடுத்து, ஊசியும் நூலும் கொண்டு, பின்னத்தான் வந்தவர். பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கோ. அக்கா என்ற சொல்லை விட்டுவிடச் சொல்லுங்கோ, அது எனக்குரியது. ஓம், எல்லாம் தெரிந்த பிறகும் எனக்குப் பொறாமைதான். அது போகாது போலிருக்கிறது.

நான் எழுதினேன் என்று மட்டும் அக்காவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தாங்கமாட்டா.

கஜந்தி


டைக் வீதி, திருகோணமலை
21.12.2024

கஜந்தி,

உன் சுகத்தைப் பிறகு கேட்கிறேன். முதலில் இதற்கு மறுமொழி சொல்: உன்னை யாரடி கேட்டது?

நேற்று முன்தினம் விருந்து. நான் விடியவே போய் மஞ்சள் சோறு ஆக்கி, இறால் பொரித்து, கணவாய்க் கறி இறக்கினேன். மேசையில் போர்வையை விரித்து வைத்திருந்தார்கள். குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு சதுரம் இல்லை, ஓட்டை. ஐயோ, போகிற நாளிலா கணக்குப் பிழைத்தார்கள் என்று நினைத்தேன். அப்போது ஹென்னி கூப்பிட்டார்: "தவமலர்!"

அம்மா போன பிறகு அந்தப் பெயரை நான் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில்தான் கேட்டிருக்கிறேன். அதனால் திரும்பிப் பார்க்கவேயில்லை. நுஸ்ரத் வந்து தோளில் தட்டினாள். "உங்களைத்தான் கூப்பிடுறா." ஹென்னி ஒரு கதிரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கோப்பைகளை எண்ணினேன். பதின்மூன்று. ஆட்களும் என்னோடு சேர்த்துப் பதின்மூன்று. "உங்கட சதுரம் எங்க?" என்று தமிழில் கேட்டார். பாடமாக்கியிருந்தார் போல.

பையை எடுத்து வந்தேன். அவருக்கென்று பின்னியது அதற்குள்ளேதான் இருந்தது, நீலத்தில் வெள்ளைக் கரை. நானே இருந்து அந்த ஓட்டையில் இணைத்தேன். மூன்றுதரம் கொக்கி நழுவியது. கறி ஆறிவிட்டது. ஒருவரும் கோப்பையைத் தொடாமல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நுஸ்ரத்தைக் குசினிக்குள் இழுத்து விசாரித்தேன். பாவம், அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. உன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த ஊரில் டைக் வீதிச் சனத்துக்கே தெரியாத ஒன்றை நோர்வேயில் இருந்துகொண்டு பிடித்துவிட்டாய்.

உள்ளதைச் சொல்கிறேன், கேள். அந்த முதல் நாள் அவர்கள் புதிய சமையல்காரி வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "அக்கா?" என்று கேட்டால் நான் வேறு என்ன சொல்வது? நான் அக்காதானே? நேரே குசினிக்குள் கொண்டுபோய் விட்டார். பலகையில் மீன் கிடந்தது. எங்கள் வீடுகளில் வந்த பெண் குசினிக்குள் போய் ஒரு கை கொடுப்பதுதானே, அப்படித்தான் நினைத்துச் சமைத்தேன். மேசையில் கோப்பை வைக்கும்போது எனக்கு ஒன்று வைக்கவில்லை. அப்போதுதான் விளங்கியது. வெளியே போயிருக்கலாம். ஆனால் போகப் போகிறேன் என்று உனக்கு முதல் நாளே எழுதி அனுப்பிவிட்டேனே. உன் பன்றிக்குட்டிப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. நடுக் கதிரையில் நீ. எழும்பிக் கைதட்டுகிறார்களாம். நீ வெளிக்கிட்ட விடியப்புறமும் இதே எரிச்சல்தான். நீ போகிறாய், நான் அம்மாவோடு நிற்கிறேன். முகத்தைக் காட்டினால் நீ கண்டுபிடிப்பாய் என்றுதான் குசினிக்குள் நின்றேன். நீ கூப்பிட்ட இரண்டுதரமும் கேட்டது.

நீயும் எரிந்தாய், நானும் எரிந்தேன். அம்மா நல்ல பிள்ளைகளைத்தான் பெத்து வைத்தா.

இன்னும் ஒன்று. வாகனத்தில் ஏற முதல் ஹென்னி நுஸ்ரத்திடம் மெதுவாக ஏதோ கேட்டார். "இப்ப தனக்கு அர்த்தம் தெரியுமாம். சரியான அர்த்தத்தில ஒரேயொருக்கா அக்கா எண்டு கூப்பிடலாமோ எண்டு கேக்கிறா." கண் கலங்கித்தான் கேட்டார். கொடுத்திருக்கலாம், கஜந்தி. நல்ல மனிசி, போகிறவ, ஒரு சொல்தானே. எனக்கு மனம் வரவில்லை. "ஏலாது, அதுக்கு ஆள் இருக்கு எண்டு சொல்லு" என்றேன்.

அந்த ஆள் இனி வர வேண்டும். தைப்பொங்கலுக்கு வா. பொங்கலுக்குள் ஒரேயொரு பாதாம் பருப்புப் போடுவேன். யாருடைய கோப்பையில் விழ வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குளிசை போட்டேன். முழங்கால் நோகிறது. நீ சுகமா?

அக்கா